சீனப் புல்லாங்குழல் கச்சேரிக்குப் போவது எப்படி? திட்ஸி பழகுபவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

திட்ஸி எனும் சீன மூங்கில் புல்லாங்குழலைப் பழகத் தொடங்கி ஆறேழு மாதம் ஆனவர்கள் கச்சேரிக்குப் போனால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கிறது. மேடையில் இருப்பவரின் வேகத்தைப் பார்த்து மலைத்துப்போய் வீடு திரும்புகிறார்கள். இல்லையென்றால் விரல், நாக்கு, மூச்சு என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கவனிக்கப் பார்த்து, கடைசியில் எதுவுமே மனதில் நிற்காமல் வருகிறார்கள். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: என்ன கேட்கப்போகிறோம் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போவது. நிரலில் ஒரே ஒரு உருப்படியைப் பாடமாக எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றைச் சும்மா ரசியுங்கள்.

எந்தக் கச்சேரியைத் தேர்ந்தெடுப்பது

திட்ஸி ஒலிக்கும் இடங்கள் நான்கு வகை. தனிக் கச்சேரி, சீன வாத்தியக் குழுவோடு சேர்ந்து ஒரு தனி வாத்தியம் முன்னிற்கும் கான்செர்ட்டோ, தேநீர்க் கடைகளில் நடக்கும் ஜியாங்நான் ஸிட்சு எனும் பட்டும் மூங்கிலும் (அதாவது தந்தியும் குழலும்) சேர்ந்த கூட்டு இசை, குன்ச்சூ எனும் பழைய தென்சீனப் பாட்டு நாடகம்.

பழகுபவருக்கு முதலிடம் தனிக் கச்சேரிக்குத்தான். யாங்ச்சின் எனும் தட்டு சந்தூரோ பியானோவோ மட்டும் துணைக்கு இருக்கும். மூச்செடுக்கும் சத்தம்கூடக் கேட்கும். ஒரே மாலையில் ஐந்தாறு குழல்கள் மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம். இசைக் கல்லூரி ஆசிரியர்களும் இறுதியாண்டு மாணவர்களும் நடத்தும் கச்சேரிகளைத் தவறவிடாதீர்கள். ஷாங்காய் இசைக் கல்லூரியின் ஹ லூதிங் அரங்கு போன்ற இடங்கள் இதற்கென்றே அமைந்தவை. பாட நூல்களில் வரும் உருப்படிகளை அங்கேதான் முழுசாகக் கேட்க முடியும்.

கான்செர்ட்டோ பிரமாண்டமானது. மா ஷுய்லோங் 1981-இல் எழுதிய பாங்தி (திட்ஸியின் குட்டை வகை) கான்செர்ட்டோவையோ குவோ வென்ஜிங்கின் 'ச்சோ கோங் ஷான்' படைப்பையோ நேரில் கேட்பது பெரிய அனுபவம். ஆனால் எழுபது எண்பது வாத்தியங்களுக்கு நடுவே நுணுக்கம் காதில் விழாது. அதை இரண்டாவது, மூன்றாவது கச்சேரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

தேநீர்க் கடை இசை இதற்கு நேர் எதிர். ஷாங்காய் யூ தோட்டத்துக்குப் பக்கத்தில் குளத்தின் நடுவே நிற்கும் ஹுஷின்திங் இதற்குப் பேர்போன இடம். இங்கே குழல் தனியாக மின்னாது. ஏர்ஹு எனும் இரட்டைத் தந்தி வில் வாத்தியம் ஒரு மெட்டை எளிமையாக வாசித்தால் குழல் அதையே அலங்கரிக்கும். ஏர்ஹு அலங்கரித்தால் குழல் ஒதுங்கிக்கொள்ளும். தென் பாணி அலங்காரம் எதற்காகப் பிறந்தது என்பது இங்கே உட்கார்ந்தால்தான் புரியும்.

தமிழ் வாசகர்கள் பலருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது சிங்கப்பூர் சீன இசைக்குழு. 1996-இல் தொடங்கப்பட்டது, ஷென்டன் வேயில் உள்ள சிங்கப்பூர் கான்ஃபரன்ஸ் ஹால்தான் இதன் இருப்பிடம். நிகழ்ச்சிக் குறிப்புகள் ஆங்கிலத்திலும் கிடைப்பதால், சீனம் தெரியாமல் பழகுபவருக்கு நல்ல தொடக்கம்.

நிரலை வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

நிரல் வெளியானதும் ஒவ்வொரு உருப்படிக்கும் எதிரே எந்தக் குழல் என்று எழுதுங்கள். திட்ஸி இரண்டு பெரிய குடும்பம். தெற்கின் ச்சூதி நீளமானது, கனிந்த ஒலி, பெரும்பாலும் சி அல்லது டி சுருதி. குன்ச்சூ நாடகத்தோடு வளர்ந்தது. வடக்கின் பாங்தி குட்டையானது, கூரான ஒலி, பெரும்பாலும் எஃப், ஜி, ஏ சுருதி. பாங்ட்ஸி நாடகத்தோடு வளர்ந்தது.

சுருதிப் பெயரில் பலர் குழம்புகிறார்கள். டி குழல் என்றால் எல்லாத் துளைகளையும் மூடும்போது டி வரும் என்று அர்த்தமில்லை. ஆறு துளையையும் மூடினால் வருவது ஏ, அதாவது 440 ஹெர்ட்ஸ். கீழ் மூன்று துளைகளைத் திறந்து மேல் மூன்றை மூடினால்தான் டி. முழுதும் மூடிய ஒலிக்குத் தொங்யின் என்று பெயர். அதை 5 ஆக, அதாவது பஞ்சமமாக, வைத்துக்கொள்வதே அடிப்படை விரலமைப்பு. அதே டி குழலில் தொங்யின்னை 2 ஆக வைத்தால் ஜி சுருதி. 1 ஆக வைத்தால் ஏ சுருதி. ஸ்வர எண் தாளான ஜியன்பூவின் தலைப்பில் இது குறிக்கப்பட்டிருக்கும். இதைப் பார்க்காமல் போனால் மேடையில் விரல்கள் ஏன் நீங்கள் பழகியதுபோல் நகரவில்லை என்பதே புரியாது. கர்நாடகப் புல்லாங்குழல் வாசித்தவர்கள் கூடுதலாக ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். நம் குழலில் இரண்டு துளைகளை மூடி ஸட்ஜம் பிடிக்கிறோம். திட்ஸியின் அடிப்படை அமைப்பில் அது மூன்று துளை.

அடிக்கடி நிரலில் வருபவை சில. 'குசு ஷிங்', ஜியாங் ஷியன்வெய் 1962-இல் எழுதியது, டி ச்சூதி. 'ஜெகு ஃபேய்' ஹுனான் நாட்டுப்புற மெட்டிலிருந்து வந்தது. லூ சுன்லிங், சாவோ சோங்திங் இருவருடைய வடிவங்களும் உண்டு, ச்சூதி. 'ஷி ஷியாங் ஃபெங்' வடக்குப் பாணியின் அரிச்சுவடி, ஃபெங் ட்ஸிட்சுன் வழியில் வந்தது, பாங்தி. 'மூமின் ஷின்க' 1966, 'யாங்பியன் ச்சுய்மா யுன்லியாங் மாங்' 1969. இரண்டும் ஜி பாங்தி. ஃபெங் ட்ஸிட்சுன் 1953-இல் நடந்த தேசிய நாட்டுப்புறக் கலை விழா மேடையில் தனியாக வாசித்த பிறகுதான் திட்ஸி பக்கவாத்திய நிலையிலிருந்து தனி வாத்தியமாக எழுந்தது. அதனால் நீங்கள் கேட்கும் 'மரபு' உருப்படிகளில் பெரும்பாலானவை கடந்த எழுபது ஆண்டுகளில் உருவானவை. வாசித்தவரின் முத்திரை அவற்றில் தெளிவாகவே இருக்கும்.

இரண்டு வார முன்தயாரிப்பு

1. பாட உருப்படியை முடிவு செய்யுங்கள். உங்களால் பாதி வேகத்திலாவது முதல் பத்தியை வாசிக்க முடிகிற உருப்படியாக இருக்கட்டும். மெதுவான ஆரம்பம் இருப்பதால் 'குசு ஷிங்' பெரும்பாலோருக்குப் பொருந்தும்.

2. அதன் ஜியன்பூவை அச்செடுத்து, வாய்விட்டு ஸ்வர எண்களைப் பாடுங்கள். குழலை உடனே எடுக்க வேண்டாம்.

3. இரண்டு வெவ்வேறு கலைஞர்களின் ஒலிப்பதிவுகளைக் கேளுங்கள். இருவரும் மூச்செடுக்கும் இடங்களை இரண்டு நிறப் பென்சிலில் குறியுங்கள். ஒத்துப்போகும் இடங்கள் உருப்படியின் இயல்பான வாக்கிய முடிவுகள். ஒத்துப்போகாத இடங்களைத்தான் கச்சேரியில் கவனிக்க வேண்டும்.

4. நீங்களே வாசித்துப் பாருங்கள். எங்கே தடுமாறுகிறீர்களோ அங்கே வட்டமிடுங்கள். மூன்று வட்டத்துக்கு மேல் வேண்டாம்.

5. கச்சேரிக்கு முந்தைய இரண்டு நாட்கள் ஒலிப்பதிவை நிறுத்திவிடுங்கள். காதில் ஒரு வடிவம் ஊறிப்போயிருந்தால், மேடையில் வேறு மாதிரி வாசிப்பது தவறாகத் தோன்றும்.

சீட்டு, இருக்கை, நுழைவு

சீனாவின் பெருநகர அரங்குகளில் சீட்டு பெரும்பாலும் செயலி வழியாகத்தான். பல நிகழ்ச்சிகளுக்கு உண்மைப் பெயரும் அடையாள எண்ணும் கேட்பார்கள். வெளிநாட்டவர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரைக் கொடுத்து, நுழையும்போது அசல் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். வாசலில் பைகளைச் சோதிப்பார்கள். நாற்பது நிமிடம் முன்பே போய்விடுங்கள். பல அரங்குகளில் 1.2 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள குழந்தைகளை உள்ளே விடமாட்டார்கள். தாமதமாக வந்தால் ஒரு உருப்படி முடியும்வரை வெளியே நிற்க வேண்டும்.

இருக்கை விஷயத்தில் முதல் வரிசை சிறந்தது என்பது தவறான எண்ணம். அங்கே காற்றுச் சத்தம் அதிகம், துணை வாத்தியத்தோடு சமநிலையும் கிடைக்காது. விரல்களும் கீழிருந்து பார்ப்பதால் குழலுக்குப் பின்னால் மறைந்துவிடும். கீழ்த்தளத்தில் ஐந்து முதல் பத்தாம் வரிசை, நடுவிலிருந்து சற்று இடப்பக்கம் எடுங்கள். வாசிப்பவர் குழலைத் தன் வலப்பக்கம் நீட்டிப் பிடிப்பதால், துளைகள் உள்ள பகுதி பார்வையாளரின் இடப்பக்கம் அமையும். (திட்ஸியை இடப்பக்கமும் பிடிக்கலாம், வாசிப்பவர் அப்படிப்பட்டவரா என்று காணொளியில் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.) பால்கனியின் முதல் வரிசை குறைந்த விலையில் கிடைத்தால் தயங்காதீர்கள். துளைகள் குழலின் மேற்புறம் இருப்பதால் விரல் அசைவு மேலிருந்துதான் நன்றாகத் தெரியும். சிறிய பைனாக்குலர் ஒன்று போதும்.

ஒலிபெருக்கி வைத்த அரங்கு என்றால் அதன் நேர் எதிரே உட்கார வேண்டாம். மைக் வழியாக வரும் திட்ஸியின் அதிர்வொலி காதைக் குத்தும். அது வாசிப்பவரின் குறை அல்ல.

உங்கள் குழலைக் கொண்டுபோக வேண்டாம். சிறு குறிப்பேடு, பென்சில், குறியிட்ட ஜியன்பூ இவை மட்டும். வாசிக்கும்போது தாளைப் புரட்டாதீர்கள், இடைவேளையில் பாருங்கள். கைபேசியில் படமெடுத்தால் சீன அரங்குகளில் ஊழியர்கள் தூரத்திலிருந்தே லேசர் ஒளியை உங்கள் திரைமேல் பாய்ச்சுவார்கள். பக்கத்தில் இருக்கும் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

மேடையில் முதலில் பார்க்க வேண்டியது: திமோ

திட்ஸிக்கும் உலகின் மற்ற பெரும்பாலான குறுக்குக் குழல்களுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மெல்லிய சவ்வு. ஊதும் துளைக்கும் முதல் விரல் துளைக்கும் நடுவே இன்னொரு துளை உண்டு. நாணல் தண்டின் உட்புறத் தோலிலிருந்து எடுத்த திமோவை அதன்மேல் ஒட்டுகிறார்கள். தம்புராவில் குதிரைக்கும் தந்திக்கும் இடையே ஜீவா நூல் செய்யும் வேலையைத்தான் இது காற்றுத் தூணில் செய்கிறது. ஒரு ஸ்வரத்துக்குள் ஒளிந்திருக்கும் மேலதிர்வுகளைத் தூண்டிவிட்டு ஒலிக்குப் பளபளப்பும் இரைச்சலும் சேர்க்கிறது.

இந்தச் சவ்வு ஈரத்துக்கும் வறட்சிக்கும் உடனே மாறும். மூச்சின் ஈரம் ஏறினால் தளர்ந்துபோகும். ஒலி கரகரக்கும், உச்ச ஸ்வரங்கள் பிடிபடாமல் நழுவும். குளிர்சாதனக் காற்றில் காய்ந்தால் இறுகும். ஒலி மந்தமாகி உள்ளே அடைத்ததுபோல் ஆகும். அதனால் உருப்படிகளுக்கு இடையே கலைஞர் என்ன செய்கிறார் என்று கூர்ந்து பாருங்கள். விரல்நுனியை நாக்கில் தொட்டுச் சவ்வின் ஓரத்தை அழுத்துவார். அல்லது கட்டைவிரலால் லேசாக இழுத்துவிட்டு, ஒரே ஒரு ஸ்வரத்தை மெல்ல ஊதிப் பார்ப்பார். பேச்சுக்கு நடுவே நான்கு விநாடியில் முடிந்துவிடும் இந்த வேலைதான் புதியவர்கள் வீட்டில் மணிக்கணக்கில் தடுமாறும் வேலை. எந்தத் திசையில் இழுக்கிறார், எந்த ஸ்வரத்தில் சோதிக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து குழல் மாற்றம். மேசையிலோ தாங்கியிலோ குழல்கள் வரிசையாக இருக்கும். அடுத்த உருப்படிக்கு உரிய குழலை முன்கூட்டியே எடுத்துக் கைச்சூட்டில் வைத்திருப்பார்கள், உள்ளே ஓசையில்லாமல் காற்றை ஊதுவார்கள். காரணம் சுருதி. குழலுக்குள் இருக்கும் காற்றின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் சுருதி சுமார் 3 சென்ட் ஏறும். நூறு சென்ட் ஓர் அரை ஸ்வரம். ஐந்து டிகிரி குளிர்ந்த குழலை எடுத்து வாசித்தால் யாங்ச்சின்னோடு சேராமல் 15 சென்ட் கீழே நிற்கும். காது உடனே கண்டுபிடித்துவிடும். முதல் நான்கு வரிகளில் சுருதி தாழ்ந்து, பிறகு சரியானால் இதுதான் காரணம்.

அலங்காரங்களைக் காதால் பிரித்தறிவது

தெற்குக்கு நான்கு: ட்ரில், டிய யின், தா யின், ட்செங் யின். ட்ரில் என்றால் ஒரு ஸ்வரமும் அதன் மேல் ஸ்வரமும் வேகமாக மாறி மாறி ஒலிப்பது. டிய யின் என்றால் ஸ்வரம் தொடங்கும் கணத்தில் மேல் ஸ்வரம் ஒரு பொறிபோல் தெறித்து மறைவது. தா யின் என்றால் ஒரே ஸ்வரம் இரண்டுமுறை வரும்போது நடுவே கீழ்த் துளையை விரலால் தட்டிப் பிரிப்பது. ட்செங் யின் ஸ்வரத்தின் வாலில் மெல்ல ஒட்டிக்கொள்ளும் சிறு மேல் ஸ்வரம். நாக்கு அதிகம் வேலை செய்யாது; எல்லாம் விரலும் மூச்சும்தான்.

வடக்கு நாக்கின் நாடு. நாக்கால் காற்றை வெட்டி ஸ்வரங்களைப் பிரிக்கும் ஒற்றை, இரட்டை, மும்மை நாக்கடி, நாக்கை உருட்டும் ஹுவா ஷ, விரலை மெல்லத் திறந்து வழுக்கும் ஹுவா யின், மேலிருந்து வெட்டுவதுபோல் விழும் துவோ யின், ஏணிபோல் ஓடும் லி யின். 'ஷி ஷியாங் ஃபெங்' ஒன்றிலேயே இவற்றில் பலவற்றைக் கேட்கலாம். நம் கமகத்துக்குப் பழகிய காதுக்கு வடக்கின் வழுக்கல் உடனே பிடிக்கும். ஆனால் அது ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் பாதை; ஒரே ஸ்வரத்தைச் சுற்றிச் சுழல்வது அல்ல. அந்த வேறுபாட்டை மனதில் வைத்துக் கேளுங்கள்.

ஒரே கேட்பில் எல்லாவற்றையும் பிடிக்கப் பார்க்காதீர்கள். தென் உருப்படியில் டிய யின் மட்டும், வட உருப்படியில் நாக்கடி மட்டும் என்று வைத்துக்கொண்டால் போதும். டிய யின் எத்தனை இடத்தில் வருகிறது என்பதைவிட, வரக்கூடிய எந்த இடத்தில் கலைஞர் அதைப் போடாமல் விட்டார் என்று கவனிப்பவருக்குத்தான் ருசி பிடிபடும்.

மூச்சு

கச்சேரியில் நேரில் மட்டுமே கற்கக்கூடியது இது. ஒலிப்பதிவில் எங்கே மூச்செடுக்கிறார் என்பது மட்டும்தான் தெரியும், எப்படி எடுக்கிறார் என்பது தெரியாது. தோள் உயர்கிறதா, இடுப்புப் பட்டைப் பகுதி விரிகிறதா என்று பாருங்கள். தேர்ந்தவரிடம் தோள் அசையாது. வேகமான பகுதியில் எந்த ஸ்வரத்தைச் சுருக்கி மூச்சுக்கு இடம் செய்கிறார் என்று நீங்கள் குறித்துவந்த இடங்களோடு ஒப்பிடுங்கள். எப்போதும் மூச்சுக்கு முந்தைய ஸ்வரம்தான் சுருங்கும். பிந்தைய ஸ்வரம் தாமதமாகாது. புதியவர்கள் செய்வது இதற்கு நேர்மாறு. தாளம் தளர்வது அதனால்தான்.

முப்பது, நாற்பது விநாடி நீளும் ஒரே ஸ்வரம் கேட்டால் அது சுழல் மூச்சு. சுவோனா எனும் நாகஸ்வரம் போன்ற சீன வாத்தியத்தை வாசிப்பவர்களின் இந்த உத்தியைத் திட்ஸிக்குக் கொண்டுவந்தவர்களில் சாவோ சோங்திங் முக்கியமானவர். கன்னத்தில் காற்றைத் தேக்கி வெளியே தள்ளும் அதே கணத்தில் மூக்கால் இழுக்கிறார்கள். மாறும் கணத்தில் ஒலி சிறிது நலிகிறதா என்று கேளுங்கள். வியந்து பார்க்கலாம், மறுநாளே முயல வேண்டாம். உதட்டு அமைப்பு உறுதிப்படாதவர் இதைத் தொட்டால் அதுவரை கிடைத்த ஒலியும் கெடும்.

எப்போது கைதட்டுவது

பல உருப்படிகள் தாளமில்லாத சான்பான் பகுதியோடு தொடங்கும். 'மூமின் ஷின்க' அப்படித்தான், புல்வெளியைக் காட்டும் நீண்ட இழுவைகளோடு. அந்த இழுவை நின்றதும் வரும் மௌனம் முடிவல்ல. குழல் உதட்டைவிட்டு இறங்கும்வரை காத்திருங்கள். கான்செர்ட்டோவில் பகுதிகளுக்கு இடையே தட்டுவதில்லை. தேநீர்க் கடையிலும் நாடக அரங்கிலும் நல்ல இடத்தில் "ஹாவ்!" என்று குரல் கொடுக்கும் வழக்கம் உண்டு. இசை அரங்கில் அதைச் செய்வதற்கு முன் பக்கத்து இருக்கைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முடிந்த பிறகு

கலைஞரைச் சந்திக்க வாய்ப்புக் கிடைத்தால் குடும்பப் பெயரோடு 'லாவ்ஷி' சேர்த்து அழையுங்கள். ஆசிரியர் என்று பொருள்படும் மரியாதைச் சொல். அவருடைய குழலை வாசித்துப் பார்க்கக் கேட்காதீர்கள். வாய் வைக்கும் வாத்தியம் என்பதோடு, இன்னொருவர் மூச்சுப் பட்டால் திமோவின் நிலையும் மாறிவிடும். எந்தக் கடைக் குழல் என்றும் கேட்க வேண்டாம், அது உங்கள் ஒலியை மாற்றாது. வட்டமிட்ட ஜியன்பூவை நீட்டி, "இங்கே எங்கே மூச்செடுக்கிறீர்கள்?" என்று விரலால் காட்டுங்கள். மொழி தெரியாவிட்டாலும் பதில் கிடைக்கும். பெரும்பாலானவர்கள் பென்சிலை வாங்கிக் குறித்தே தருவார்கள்.

வீடு போய்ச் சேரும் முன்பே ஐந்து வரி எழுதுங்கள். நாளைக்கு எழுதலாம் என்றால் மெட்டு மட்டும்தான் மிஞ்சும், செய்முறை மறந்துபோகும்.

மறுநாள் பயிற்சி

முதலில் திமோ. பழைய பசையை ஈரத்துணியால் துடைத்து, துளையைவிடச் சுற்றிலும் சுமார் 3 மி.மீ. பெரிதாகச் சவ்வை வெட்டுங்கள். விரல்களுக்கு நடுவே மெல்லக் கசக்கி மென்மையாக்குங்கள். அஜியாவ் எனும் கழுதைத்தோல் பசைக்கட்டியை ஒரு துளி நீரில் உரசி, துளையைச் சுற்றி மெல்லிய வளையமாகத் தடவுங்கள். துளைக்குள் இறங்கக் கூடாது. சவ்வை வைத்து, குழலின் குறுக்காக இரு கட்டைவிரலால் மெல்ல இழுங்கள். சுருக்கங்கள் குழலுக்குக் குறுக்கே, நெருக்கமாக, சீராக விழ வேண்டும். காய்ந்ததும் கீழே தொங்யின்னையும் மேலே உங்களுக்கு வரும் உச்ச ஸ்வரத்தையும் ஊதிப் பாருங்கள். உச்சம் நழுவினால் தளர்வு. கீழ் ஸ்வரம் மந்தமானால் இறுக்கம். முந்தைய மாலை மேடையில் கேட்ட ஒலி இன்னும் காதில் இருப்பதால், சரியான நிலையைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல நாள் அமையாது.

பிறகு பாட உருப்படியில் நான்கே நான்கு தாளக் கட்டங்கள். மெட்ரோநோமை 60-இல் வைத்து, அலங்காரம் இல்லாமல், கலைஞர் மூச்செடுத்த இடத்திலேயே மூச்செடுத்து வாசியுங்கள். மூன்று நாள் அப்படியே போகட்டும். நான்காம் நாள் ஒரு டிய யின் சேருங்கள். மேடை வேகத்தைத் தொட முயன்றால் நாக்கு முந்தும், விரல் பிந்தும்; இரண்டும் ஒட்டாமல் ஸ்வரங்கள் சிதறும். 'யாங்பியன்' கேட்டுவிட்டு இரட்டை நாக்கடிக்கு ஆசைப்பட்டவர்கள் முதலில் ஒரே ஸ்வரத்தில் "து-கு, து-கு" என்று குழல் இல்லாமல் சொல்லிப் பழகட்டும். 'கு'வும் 'து'வைப்போல உறுதியாக விழும்வரை குழலில் வேகம் ஏற்றக் கூடாது.